பள்ளி திறக்கும் நாளும் நம் பிள்ளைகளும்

நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுக்காலப் பணிகளை இம்மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கும். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது ஒரே ஒரு நாளின் வரலாறு. கோடை விடுமுறை கழிந்து தொடக்கப் பள்ளியின் கதவு திறக்கப்படும் நாள் அது. ஐந்து வயது நிரம்பிய பிள்ளையைத் தாயோ பாட்டியோ கைப்பிடித்து அழைத்து வர, தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துப் பெயர் கேட்கும் நாள். இன்று அந்நாள் எல்லா வீடுகளிலும் அழுகையும் சிரிப்புமாகக் கழிந்துவிடுகிறது. ஆயின் நம் முன்னோர்க்கு அந்நாள் வந்து சேரவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

முற்காலத்தில் நம் நாட்டுக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடந்தது. விசயதசமி நாளில் பிள்ளையை மணலில் விரல் பிடித்து எழுதவைத்து, பொரியும் கடலையும் வழங்கி, ஏடு தொடங்குவர். பள்ளி என்னும் சொல்லோ சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். அங்கே எவர் குலமும் கேட்கப்பட்டதில்லை. பின்னாளில் அதே சொல் ஊர்த்தெருத் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது, நம்மவர் அத்தெருவிலேயே நடக்கக் கூடாதென்றாயிற்று. தெருவே மூடப்பட்ட பின்னர்த் திண்ணை ஏது?

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமசு மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. அக்கணக்கில் மாணவர்களைச் சாதிவாரியாகப் பகுத்த பத்திகளும் உண்டு. பிராமணர், வைசியர், சூத்திரர், முகம்மதியர் ஆகியோரோடு ‘பிற சாதியார்’ என்று ஒரு பத்தி. அப்பத்தியைக் காட்டி, அந்நாளில் எல்லாரும் படித்தனர் எனச் சிலர் வாதிடுவர். அதில் நம் மக்கள் எத்தனை பேர் என்று அக்கணக்கு தனித்துச் சொல்லவில்லை. பெயரே எழுதப்படாத ஒரு பத்தியைச் சான்றாகக் கொண்டு பழம்பெருமை பேசுவதை நாம் ஏற்க இயலாது.

அரசாங்கப் பள்ளியின் கதவை நம்மவர் முதன்முதலில் தட்டிய செய்தி பம்பாய் மாகாணத்துத் தார்வாரிலிருந்து கிடைக்கிறது. 1856-இல் மகார் குலத்துச் சிறுவன் ஒருவன் தார்வார் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். பள்ளியார் மறுத்தனர், அவன் அரசுக்கே மனு எழுதினான். நீதி சிறுவன் பக்கமே உள்ளதென்பதை அரசு மறுக்கவில்லை. எனினும் ஒருவனுக்காகப் பலர் பள்ளியை விட்டு நீங்குவர் எனவும், காலங்காலமாய் வந்த பழக்கத்தில் தலையிட இயலாதெனவும் கூறி அம்மனுவைத் தள்ளிற்று. இதனை மேலிடம் ஏற்கவில்லை. 1858-இல், அரசின் செலவில் நடைபெறும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்கும் என அறிவிக்கப்பட்டது. அச்சிறுவன் பள்ளியில் அமரவில்லை. ஆனால் அவன் எழுதிய மனுவால் ஓர் ஆணை பிறந்தது. நம் கல்வி வரலாற்றின் முதல் ஏடு ஒரு விண்ணப்பத் தாள் என்றால் அது மிகையன்று. அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் கல்வி குறித்து எழுதியபோது இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டினார்.

ஆணை வேறு, நடப்பு வேறு. 1882-இல் அமர்ந்த ஹண்டர் கல்விக் குழுவும் சாதி கருதி எவரையும் அரசுப் பள்ளி விலக்கலாகாது என்ற கொள்கையை உறுதி செய்தது. கொள்கையளவில் கதவு திறந்திருந்தது. நடைமுறையில் பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சத்திரத்திலும் நடந்தன. பள்ளிக்குப் போக உரிமை உண்டு, பள்ளி இருக்கும் தெருவில் நடக்க உரிமை இல்லை என்பதே நிலை.

இந்நிலையில் சேரிக்குள் வந்து பள்ளி வைத்தவர்கள் கிறித்தவ சமயப் பணியாளர்களே. அவர்களது நோக்கம் மதம் பரப்புதல் என்று குறை கூறுவோர் உண்டு. நோக்கம் எதுவாயினும், நம் பிள்ளைகளின் கையில் பலகையையும் பலப்பத்தையும் முதலில் வைத்தவர் யாரென்பதை நன்றியுடன் நினைத்தல் நம் கடன். செங்கற்பட்டில் ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார் சேரி மக்களின் நில உரிமைக்காகவும் வாதாடினர். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை அரசை உலுக்கிற்று. குடியிருக்கும் மனையும் பிறருடையதாய், எந்நேரமும் வெளியேற்றப்படும் நிலையில் இருந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வாறு செல்வர் என்னும் வினாவை அவ்வறிக்கை படித்தோர் தவிர்க்க இயலவில்லை.

அடுத்த ஆண்டில் நடந்த ஒன்றை நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாசன சபையின் மாநாடு கூடிற்று. பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து, தம் மக்களைச் சிவாலயத்திலும் விட்டுணு ஆலயத்திலும் அனுமதிக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. உங்களுக்கென்று மதுரைவீரனும் கறுப்பண்ணனும் இருக்க, எங்கள் தெய்வங்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பண்டிதர் சினந்து சபையை விட்டு வெளியேறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அங்ஙனமாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா; எங்கள் பிள்ளைகள் நான்காம் வகுப்பு வரையிலேனும் இலவசமாகப் படிக்கப் பள்ளியும், பிழைக்கத் தரிசு நிலமும் பெற்றுத் தாருங்கள் என்று கேட்டார். அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. இதைப் பின்னாளில் தமது ‘தமிழன்’ இதழில் அவரே எழுதினார். கோயிலைக் கேட்டு மறுக்கப்பட்டவர் பள்ளியைக் கேட்டுப் பெற்றார். நான்காம் வகுப்பு என்ற அளவு இன்று சிறியதாகத் தோன்றும். கடனோலையில் என்ன எழுதியிருக்கிறது எனப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமையாய்ப் போனவர்களுக்கு நான்காம் வகுப்பு என்னவாக இருந்திருக்கும் என்று நம் இளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1893 பிப்ரவரித் திங்களில் சென்னை அரசு கல்வித்துறை ஆணை எண் 68-ஐ வெளியிட்டது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று இதனைச் சொல்வர். சேரிகளில் சிறப்புப் பள்ளிகள் திறத்தல், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் அளித்தல், நம்மவரே ஆசிரியராகப் பயிற்சி பெற உதவித்தொகை வழங்குதல் ஆகியன அதன் சாரம். அடுத்த ஆண்டிலேயே, 1894-இல், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னையின் பிற பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூரில் எழுந்த பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது.

பள்ளியில் சேர்ந்துவிட்டால் துன்பம் தீர்ந்ததா? இரட்டைமலை சீனிவாசனார் 1939-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் கோயமுத்தூரில் தாம் படித்த காலத்தைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். நட்புக் கொண்டால் தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு விட்டதும் எவரும் உடன் வராவண்ணம் விரைந்து வீடு சேர்வார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அரசர் முன் நின்ற பெருமகனார் பள்ளிப் பருவத்தில் ஒரு நாளேனும் மணிக்கு முன் வகுப்பறையில் அமர்ந்ததில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1900 நவம்பர் 7-ஆம் நாள் சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்நாளை மராட்டிய மாநில அரசு 2017 முதல் மாணவர் நாளாகக் கொண்டாடி வருகிறது. அப்பதிவேட்டில் அவர் பெயர் பிவா ராம்ஜி. வகுப்பில் அவர் மற்றவரோடு அமரவில்லை. ஒரு மூலையில், வீட்டிலிருந்து தாமே கொண்டுவந்த சாக்குத் துணியில் அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளும் அச்சாக்கைத் தொடமாட்டார் ஆதலின் மாலையில் சுருட்டி எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயை அவர் திறக்கலாகாது. பணியாள் திறந்துவிட வேண்டும். பணியாள் வாராத நாளில் தண்ணீரில்லை.

இனித் தெற்கே செல்வோம். திருவிதாங்கூர் நாட்டு அய்யன்காளியின் போராட்டத்தை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று. அக்காலத்தில் நாஞ்சில் நாட்டுத் தமிழரும் அந்நாட்டின் குடிகளே ஆதலின் இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. 1863-இல் வெங்ஙானூரில் புலையர் குடியில் பிறந்த அவர் எழுத்தறியாதவர். தாமே ஒரு பள்ளியை நிறுவினார். அதனை மேல்சாதியார் கொளுத்தினர். 1907-இல் சாதுசன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்துப் பள்ளி உரிமை கேட்டார். அரசு இசைந்து ஆணையிட்ட பின்னரும் பள்ளிகளின் வாயில் திறக்கவில்லை. எம் பிள்ளைகள் பள்ளியில் அமரும்வரை உம் வயலில் களையே முளைக்கும் என்னும் பொருள்பட அவர் அறிவித்தார். புலையர் ஏரைக் கீழே வைத்தனர், நடவு நின்றது, வயல்கள் தரிசாயின. கூலி உயர்வும் கோரிக்கைகளுள் ஒன்றாயினும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதை முன்வைத்து நிலத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது உலக வரலாற்றில் வேறெங்கேனும் உண்டோ? பசியோடு பல திங்கள் கிடந்த அம்மக்களுள் எவரும் எழுத்தின் பயனைத் தாம் துய்த்தவரல்லர்.

அதன் பின்னர் அவர் பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். சிறுமியைச் சேர்த்ததால் கலவரம் மூண்டது, பள்ளி தீக்கிரையாயிற்று. எரிந்த அப்பள்ளியின் பலகை இருக்கை ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டிற்று. திருவனந்தபுரம் செல்லும் நம் அன்பர்கள் கடற்கரையைப் பார்த்துத் திரும்பிவிடாமல் அவ்விருக்கையையும் ஒருமுறை பார்த்துவருதல் வேண்டும்.

நம் மாகாணத்தில் 1919-20 ஆண்டுகளில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கெனத் தொழிலாளர் துறை அமைந்தது. ‘லேபர் பள்ளி’ என்று முதியோர் இன்றும் சொல்வது அத்துறை நடத்திய பள்ளிகளையே. அவை பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. 1916-இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நிறுவிய நந்தனார் பள்ளியில் பயின்று எழுந்தவர் தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் எண்ணற்றோர். தனிப் பள்ளிகள் வேண்டுமா, பொதுப் பள்ளியில் நுழைவுரிமை வேண்டுமா என்ற வாதம் அந்நாளில் நம் தலைவர்களிடையே நிகழ்ந்தது. தனிப் பள்ளி தீண்டாமைக்குச் சுவர் எழுப்பும் என்றனர் ஒரு சாரார். பொதுப் பள்ளி திறக்கும்வரை நம் பிள்ளைகள் மாடு மேய்க்க வேண்டுமா என்றனர் மற்றவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. நம் கருத்தில், தனிப் பள்ளி இல்லாதிருந்தால் பொதுப் பள்ளிக்காக வாதாடக் கற்றோரே நம்மிடம் இருந்திருக்கமாட்டார். ஆயினும் பொதுப் பள்ளியில் நம் பிள்ளை நுழைந்த அன்று ஊரார் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஊர்களில், பொதுப் பள்ளியும் ஒரே நாளில் சேரிப் பள்ளியாக மாறிற்று என்பதையும் மறக்கலாகாது. 1938-இல் எம்.சி. ராசா முயன்று நிறைவேற்றிய குடிமை உரிமைத் தடை நீக்கச் சட்டமும், 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பும், 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தபின் சட்டத்தின் கண்ணில் இவ்வாதம் முடிந்தது.

இனிச் சேர்க்கைப் பதிவேட்டிற்கு வருவோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், பிள்ளை தன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்பது கணக்கு. பிறந்த நாள் கேட்டால், பெருமழை பெய்த ஆண்டு, அறுப்புக் காலம் என்று தாய் சொல்வாள். ஆசிரியர் தம் வசதிக்கேற்ப ஒரு தேதியை எழுதுவார். ஆகவேதான் நம் முதியோருள் பலர் பள்ளி திறப்பதையொட்டிய மே, சூன் திங்கள்களில் பிறந்தவராகச் சான்றிதழ் கூறுகிறது! முந்திய குழந்தைகள் தவறிப்போனதால் குப்பன் என்றும் மண்ணாங்கட்டி என்றும் காப்புப் பெயர் இட்ட பிள்ளைக்கு, நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தால் அன்றே அழகிய பெயர் சூட்டிப் பதிவு செய்வார். அல்லாதார் கேட்ட பெயரையே எழுதி, வாழ்நாள் முழுதும் வகுப்பார் நகைக்க விட்டுவிடுவர்.

எல்லாவற்றினும் முக்கியம் சாதிப் பத்தி. 1922-இல் எம்.சி. ராசா முதலியோர் முயற்சியால் பஞ்சமர், பறையர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. அப்பெயர் பதிவேட்டில் ஏறப் பல்லாண்டுகள் ஆயின. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியாரை மதத்தோடு பிணைத்தது. பின்னர்ச் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் தழுவிய நம் உடன்பிறந்தார் சேர்க்கப்படவில்லை. பாதிரியார் பள்ளியால் எழுத்தறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அப்பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஒரே சொல்லால் உதவித்தொகையும் ஒதுக்கீடும் மாறிப்போயின. முதல் நாளன்று ஒருவர் அரை நிமிடத்தில் எழுதும் சொல் அது. அதனைத் திருத்தப் பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்துக் கிடந்தோர் பலர். இதனை நம் இளைஞர் மனத்திற்கொண்டு, பள்ளி திறக்கும் நாளில் எழுத்தறியாப் பெற்றோர் பக்கத்தில் நின்று, எழுதுவதைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொள்ளல் வேண்டும்.

சேர்ந்த பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தியது பெரும்பாலும் சோறே. சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கிற்று. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் விரித்தார். அதற்கு முன் 1953-இல் வந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி அரைநாள் தந்தையின் தொழிலைக் கற்கச் சொன்னது. நம் தந்தையர் தொழில் எது என்று அறிந்த எவரும் அதனை வரவேற்றிருக்க இயலாது. 1954-இல் காமராசர் அதனை நீக்கினார். 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன.

ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது பாடப்புத்தகம் கற்பிக்காத பாடம். அதுவும் இன்னும் முடியவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நம் குலத்துப் பெண்மணி சத்துணவு சமைக்கலாகாது எனப் பெற்றோர் சிலர் பள்ளி முன் திரண்டனர். அதிகாரிகள் முதலில் அவரை இடமாற்றினர். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வாணை நீங்கி வழக்கும் பதிவாயிற்று. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். அதனையொட்டி அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடைமொழிகளை நீக்கவும் பரிந்துரைத்தது. தார்வார்ச் சிறுவனின் மனுவுக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே 168 ஆண்டுகள்.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ பாட்டனார், பாட்டியாரின் பள்ளிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பழைய சேர்க்கைச் சீட்டு, லேபர் பள்ளி நிழற்படம் முதலியன இருப்பின் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். பெயர் தெரியாத முகங்கள் படத்தில் இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஊரில் எழுபது வயது கடந்தோர் இன்னும் சிலர் உள்ளனர், அவர்களிடம் கேட்டு எழுதிவிடலாம்.